இந்த வருட டூரை ராயக்கோட்டை ஸ்டேஷனிலிருந்து தொடங்குங்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. ஸ்டாஃப் ரூமில் டூர் பேச்சு ஆரம்பித்திருக்கும். எந்த ஊர், தலைக்கு எவ்வளவு, எத்தனை பஸ் என்று யாராவது ஒருவர் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். சமூக அறிவியல் டீச்சராக இருந்த வருடங்களில் அந்த நோட்டு பெரும்பாலும் என் கையில்தான் இருந்தது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். பஸ்ஸுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

நம் டூர் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பள்ளி வாசலில் பஸ் கிளம்பும். விடிய விடியப் பாட்டு. காலையில் எங்கேயோ ஒரு மண்டபத்தில் வரிசையில் நின்று குளித்துவிட்டு, பெங்களூரு பக்கம் ராட்டினம், தண்ணீர் விளையாட்டு, சாயங்காலம் ஒரு ஷாப்பிங், மறுபடி ராத்திரி பஸ். ஒரு வருடம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி போகும்போதே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். போக வர இரண்டு ராத்திரியும் என் மடியில்தான் படுத்துக் கிடந்தாள். அவள் அம்மா பூக்கட்டி விற்கிறவர். மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. திரும்பி வந்து இறங்கியதும் அந்த அம்மா ஆசையாகக் கேட்டார்: "என்னென்ன பாத்த கண்ணு?" அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். என்னிடமும் பதில் இல்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் நான் முதல் முறையாகப் பிள்ளைகளை ரயிலில் கூட்டிப்போனேன். தூர தேசத்துக்கு இல்லை. பாலக்கோட்டில் ஏறி, மாரண்டஅள்ளி தாண்டி, ராயக்கோட்டையில் இறங்கினோம்.

சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பாதையில் வேலைக்கும் படிப்புக்கும் தினமும் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள். ராயக்கோட்டை மலையை ஜன்னல் வழியாகப் பார்க்காதவர் அவர்களில் யாரும் இருக்க முடியாது. பெரிய பாறை மலை. உற்றுப் பார்த்தால் அதன் மேல் கோட்டைச் சுவர் தெரியும். ஆனால் மலைக்குப் போவதற்கென்று அந்த ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் அபூர்வம். தக்காளி மண்டிக்கு வருகிறவர்கள் இறங்குவார்கள், சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் இறங்குவார்கள். நாங்கள் முப்பத்தொரு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், இரண்டு அம்மாக்கள், ஒரு குண்டான் புளிசாதம் என்று மொத்தமாக இறங்கியதும் பிளாட்ஃபாரத்தில் இருந்தவர் ஒருவர் ஏதோ கல்யாணம் போல என்று நினைத்துவிட்டார். "கோட்டை பாக்க வந்திருக்கோம்" என்றதும் அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் முனை வரைக்கும் கூடவே வந்து வழி காட்டினார்.

மலை ஏறும்போது நடந்த ஒன்றை இத்தனை வருடம் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை.

பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பாறை. அதன் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், நூல் பிடித்த மாதிரி. ஒரு பெண் அதில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டே, "பல்லாங்குழியா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. அப்போது கடைசி பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவன் முன்னால் வந்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான், வரலாற்றில் பத்து மார்க் தாண்டியதில்லை. அவன் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை செய்கிறவர்.

"இது ஆப்புக் குழி டீச்சர்," என்றான். "இதுல ஆப்பு எறக்கி ஒண்ணொண்ணா அடிச்சிக்கிட்டே வந்தா கல்லு கோடு கிழிச்ச மாதிரி பொளக்கும். இப்ப மெஷின்ல துளை போடறாங்க, அது உருண்டையா இருக்கும். இது பாருங்க, சதுரம். உளியில வெட்னது." அப்புறம் அந்தக் குழிகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே போனவன், ஒரு இடத்தில் நின்றுவிட்டான். "இங்க அடிச்சிட்டு விட்டுட்டாங்க டீச்சர். பொளக்கல." யாரோ ஒருவர் எப்போதோ தொடங்கி, முடிக்காமல் விட்டுப்போன வேலை. எதற்காக விட்டார்கள்? கல்லில் கோளாறா, சண்டை வந்ததா, கூலி தரவில்லையா? அன்றைக்கு மலை இறங்கும் வரை முப்பத்தொரு பேரும் அதைத்தான் பேசினார்கள். கோட்டையை யார் பிடித்தார், யார் விட்டார் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பாடத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. கோட்டையைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்கு ராஜா பெயரைத் தவிர இன்னொரு பதிலும் உண்டு என்று அன்றைக்கு என் வகுப்பு கண்டுபிடித்திருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தவன் கடைசி பெஞ்சு.

சரி, ராயக்கோட்டைக்கு பஸ்ஸிலும் போகலாமே, எதற்கு ரயில் என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்குப் பதில் மலை உச்சியில் கிடைத்தது.

தருமபுரியிலிருந்து ஓசூர் வரைக்கும் ரயில் ஏறிக்கொண்டே போகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதிதான். பஸ்ஸில் இந்த ஏற்றம் தெரியாது. ரயிலில் தெரியும். பாதை வளைகிறபோது கடைசிப் பெட்டியில் இருக்கிற பிள்ளைக்கு முன்னால் போகும் இன்ஜின் தெரியும், இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கி வருவதும் விலகுவதும் தெரியும். ராயக்கோட்டை உச்சியில் நின்று கீழே பார்த்தபோது ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து பாராமகால் சமவெளிக்கு (நம் பக்கத்துக்குப் பழைய பெயர் அது) இறங்கும் வழியில் அது வளைந்து வளைந்து வந்தது. "எதிரிப் படையும் இந்த வழியாத்தான் வந்திருக்கும், இல்ல டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதேதான். கோட்டை கட்டியவர்கள் காவல் காத்ததும் இந்த வழியைத்தான், பிற்காலத்தில் ரயில்வே எஞ்சினியர்கள் தண்டவாளம் போட்டதும் இந்த வழியில்தான். மலைகளுக்கு நடுவே ஆளும் மாடும் பீரங்கியும் போகத் தோதான இடுக்கு எது என்று இரண்டு பேரும் தேடியிருக்கிறார்கள். ரயிலில் வந்து இறங்கிக் கோட்டையில் ஏறுகிற பிள்ளைக்கு இது தானாகப் புரிந்துவிடுகிறது. கரும்பலகையில் வரைபடம் போட்டு நான் எத்தனையோ முறை விளக்கியும் புரியாத விஷயம் இது.

ஆங்கிலேயக் கம்பெனிக்கும் ஹைதர் அலி, திப்பு சுல்தானுக்கும் நடந்த மைசூர்ப் போர்கள் நம் பாடப்புத்தகத்தில் சில பக்கங்கள்தான். ஆனால் அந்தப் பக்கங்களில் பாதி நம் வீட்டு வாசலில் நடந்தது. 1791 ஜூலையில் கம்பெனியின் மேஜர் கவுடி என்பவரின் படை ராயக்கோட்டையைப் பிடித்தது. அதே வருடம் நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கினார், பிடிக்க முடியாமல் திரும்பினார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை. திப்பு தன் ராஜ்ஜியத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். அந்தப் பாதியில்தான் நம் பாராமகாலும் திண்டுக்கல்லும் இருந்தன. போருக்கான நஷ்ட ஈட்டுப் பணத்தைக் கட்டி முடிக்கும் வரை பிணையாகத் தன் பிள்ளைகளில் இரண்டு பேரை அவர் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரில் மூத்தவனுக்கே பத்து வயது இருக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு எப்படி அமைதியாகிறது என்று.

அந்த உடன்படிக்கைக்குப் பிறகு இந்தப் பகுதியை நிர்வாகம் செய்ய வந்த கேப்டன் ரீடின் உதவியாளர்களில் ஒருவர்தான் தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை இங்கே இருந்தார், தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். பிற்காலத்தில் மதராஸ் கவர்னர் ஆனவர். நிலத்தை உழுகிறவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறையின் ஆரம்பச் சோதனைகள் நம் வயல்களில்தான் நடந்தன. தருமபுரியில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. ரயிலுக்கு நேரம் இருந்தால் அதையும் காட்டிவிட்டு ஏறுங்கள். அதியமான்கோட்டைக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. நெல்லிக்கனி கதையைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்த அதியமானின் தகடூர் இதுதான், நீ நிற்கிற மண்தான் என்று சொல்ல உலகத்தில் நம்மைத் தவிர வேறு எந்த ஊர் ஆசிரியருக்கும் வாய்ப்பில்லை.

இப்போது இரண்டாவது பயணம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூர்ப் பக்கமிருந்து கிளம்பி, ராயக்கோட்டைப் பக்கமாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. பீரங்கிகள், பொதி மாடுகள், சமையல்காரர்கள், கூலிக்காரர்கள் என்று ஒரு ஊரே நகர்ந்து போன மாதிரி. மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, அன்றைக்கே திப்பு கொல்லப்பட்டார். எல்லையில் நுழைந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் இரண்டு மாதம். அதே ராயக்கோட்டையில் காலையில் ரயில் ஏறி, பெங்களூருவில் மைசூரு வண்டிக்கு மாறினால் அதே நாளில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கிவிடலாம். ஒரு ராத்திரி அங்கேயோ மைசூருவிலோ தங்க வேண்டியிருக்கும். ஆனால் பிள்ளைகள் தூங்குவது படுக்கையில், பஸ் சீட்டில் இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உங்கள் பிள்ளைகள் முதலில் பார்க்கப்போவது ஸ்டேஷனைத்தான். அதுவே ஒரு பாடம். காவிரித் தீவில் இருக்கும் கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது ரயில் பாதை. ரங்கநாதர் கோயில் கோபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. இரண்டாவது பாதை போடும் வேலை நடந்தபோது திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே வந்தது. இடிக்கவில்லை. 2017இல் அந்தச் செங்கல் கட்டடத்தை, ஏறக்குறைய 1000 டன் எடையுள்ளதை, அடியோடு பெயர்த்துத் தூக்கி நகர்த்தி 130 மீட்டர் தள்ளி வைத்தார்கள். ரயிலும் வேண்டும், பழைய கட்டடமும் வேண்டும் என்று முடிவெடுத்தால் வழி பிறக்கும் என்பதற்கு அந்தக் கிடங்கு கண் முன்னால் நிற்கிறது. பிள்ளைகளை அது முன்பு இருந்த இடத்திலிருந்து இப்போது இருக்கும் இடம் வரை காலடி எண்ணி நடக்கவிடுங்கள்.

வேல்ஸ் நாட்டில் கான்வி என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே 1848இல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய ரயில் பாலம் பழைய கோட்டைச் சுவரை ஒட்டியே போகிறது. கோட்டையோடு பொருந்திப்போக வேண்டும் என்று பாலத்தின் இரண்டு முனைகளிலும் கொத்தளம் மாதிரியே கோபுரம் வைத்துக் கட்டினார்கள். இன்றைக்கும் அங்கே ஜனங்கள் ரயிலில் வந்து இறங்கிக் கோட்டைக்கு நடக்கிறார்கள். நம் பக்கம் ராயக்கோட்டையில் பாதி வேலை ஏற்கெனவே ஆகிவிட்டது. கோட்டையும் இருக்கிறது, ஸ்டேஷனும் இருக்கிறது. இறங்குகிற ஆட்கள்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகையைத் தவறவிடாதீர்கள். 1784இல் கட்டியது. அதன் சுவரில் பொள்ளிலூர்ப் போர் வரைந்திருக்கிறது, 1780இல் காஞ்சிபுரம் பக்கத்தில் நடந்த போர். கர்நாடகத்தில் ஒரு சுவரில் தமிழ்நாட்டு வயல்வெளிப் போரைப் பார்க்கும்போது, எல்லைக் கோடுகள் இன்றைக்கு இருக்கிற மாதிரியே எப்போதும் இருந்ததில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் நம் வகுப்பில் எத்தனை பேர்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர்கள்தான் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள்.

மற்ற கோட்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் வண்டி மாறினால் ஈரோட்டுப் பாதையில் சங்ககிரி. அந்தக் கோட்டையில்தான் 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். ஏற்றம் நீளம், வெயிலுக்கு முன்னால் ஏறி இறங்கிவிட வேண்டும். நாமக்கல் மலைக்கோட்டை சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது, சேலத்திலிருந்து கரூர் போகும் பாதையில் 2013 முதல் ரயில் ஓடுகிறது. திண்டுக்கல்லும் திருச்சியும் தெற்கே. திருச்சியில் கோட்டை என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.

வேலூரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் நடக்கச் சிரமப்படும் பிள்ளை ஒன்று இருந்தால், அது சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையாக இருந்தால், மலைக்கோட்டை டூர் என்று அறிவித்த அன்றைக்கே அந்த முகம் வாடிவிடும். "நான் வரல டீச்சர், வீட்ல விசேஷம்" என்று அதுவே ஒரு காரணம் சொல்லும். அந்த வருடம் மலையை விட்டுவிடுங்கள். வேலூர் தரைக்கோட்டை, அகழி சூழ்ந்தது, உள்ளே சமதளம். மொரப்பூரிலோ பொம்மிடியிலோ சாமல்பட்டியிலோ ஏறிக் காட்பாடியில் இறங்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்த இடம் இதுதான். 1806 ஜூலை 10ஆம் தேதி விடியும் முன்னால் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும் இங்கேதான். ராயக்கோட்டையில் ஆரம்பித்த கதை வேலூரில் வந்து முடிகிறது என்று பிள்ளைகள் அவர்களாகவே கோடு இழுத்துவிடுவார்கள்.

கிருஷ்ணகிரி ஆசிரியர்கள் இந்நேரம் ஒன்று கேட்டிருப்பீர்கள்: "எங்க ஊருக்குத்தான் ரயிலே இல்லையே?" உங்கள் வருத்தம் நியாயமானது. மாவட்டத் தலைநகரம், நகரத்தின் தலைமாட்டிலேயே சையத் பாஷா மலையும் கோட்டையும், ஆனால் ஸ்டேஷன் இல்லை. இத்தனைக்கும் 1905இலேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய ரயில் பாதை வந்துவிட்டது, இரண்டரை அடி அகலத்தில். அடுத்த வருடம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அதே மாதிரி ஒன்று. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரத் தோதாக இருக்கட்டும் என்று போட்ட பாதைகள் அவை. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டும் போய்விட்டன. பிறகு 1960களின் இறுதியில்தான் சேலம் - பெங்களூரு மீட்டர்கேஜ் பாதை தருமபுரி வழியாக வந்தது, 1990களில் அது அகலப் பாதை ஆனது. கிருஷ்ணகிரி விட்டுப்போனது விட்டுப்போனதுதான். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல வருடமாக இருக்கிறது. மொரப்பூர் - தருமபுரி இணைப்புக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், 36 கிலோமீட்டர். இந்தக் கடிதம் ரயில்வேக்காரர்கள் கண்ணில் பட்டால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பள்ளியும் வருடத்துக்கு ஒரு முறை கோட்டைக்கு ரயில் ஏறினால், டிக்கெட் கணக்கிலேயே அது தெரியும். ராயக்கோட்டை பிளாட்ஃபாரத்தில் கோட்டைக்கு வழி என்று தமிழில் ஒரு பலகை வைத்துக் கொடுங்கள். அது போதும், இப்போதைக்கு.

கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. உங்கள் கோட்டைக்கு நடந்தே போங்கள், ரயிலுக்கு ராயக்கோட்டை வாருங்கள். ஊருக்குள் அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கோட்டை உள்ள மகராஜகடை என்ற ஊரின் பெயரைக் கேட்டதும் அது ஏதோ கடைவீதி என்று நினைக்கும் பிள்ளை இருந்தால், அந்தக் 'கடை' கோட்டையைக் குறிக்கும் 'கட' என்று சொல்லுங்கள். பாராமகால் என்பதே பன்னிரண்டு கோட்டைகளை வைத்து வந்த பெயர் என்பார்கள். அந்தப் பன்னிரண்டில் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது எது என்று பிள்ளைகள் தேடட்டும்.

செலவு, பாதுகாப்பு இரண்டையும் பேசாமல் விட முடியாது. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முன்பதிவில்லாத பெட்டியில் அரை டிக்கெட்தான். கல்விச் சுற்றுலாவுக்கு மாணவர் சலுகை தனியாக உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளி என்றால் வருடத்துக்கு ஒரு முறை இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு முன்கூட்டியே ஸ்டேஷனில் போய்க் கேட்க வேண்டும். தரியா தௌலத் மாதிரித் தொல்லியல் துறை டிக்கெட் வாங்கும் இடங்களில் பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ராயக்கோட்டைப் பயணத்துக்கு எங்களுக்குத் தலைக்கு ஆன செலவு, பஸ் டூருக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூக்கட்டும் அம்மா மூன்று மாதம் சேர்க்க வேண்டியதில்லை.

பாதுகாப்புக்கு வருகிறேன். இது ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்காக நின்று கிராஸிங் ஆகித்தான் போகும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையும் பெட்டியை விட்டு இறங்கக் கூடாது. பிள்ளைகளை ஏழெட்டுப் பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள். ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், மலையடியில் ஒரு தரம் என்று தலையை எண்ணுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், முதலுதவிப் பெட்டி எல்லாம் பஸ் டூருக்கு எப்படியோ அப்படித்தான். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு ஏறவே ஏறாதீர்கள். உச்சியில் சுனைகள் உண்டு, விளிம்புக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைத் தேவையை முன்னாலேயே யோசித்து வையுங்கள். மலை மேல் வசதி இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஸ்டேஷனிலோ, சொல்லி வைத்து ஊர்ப் பள்ளியிலோ போய்விட்டு ஏறுவதுதான் சரி. தலைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர்.

இன்னொன்று. கோட்டைச் சுவரில் பெயர் கீறுகிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. ராயக்கோட்டையில் ஒரு பையன் கூர்மையான கல்லை எடுத்துவிட்டான். நான் அதட்டுவதற்கு முன்னால் குவாரிக்காரர் மகன் அவன் கையைப் பிடித்தான்: "டேய், இதச் செதுக்கினவனே பேர் போடலடா." அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். "கல்லும் முள்ளும் பாக்கவா காசு கட்டறோம்?" என்று ஒரு அப்பா என்னிடம் நேராகவே கேட்டார். பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டாமா என்றும் கேட்பார்கள். வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ரயிலில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து அந்தாக்ஷரி பாடினார்கள், வேர்க்கடலை உரித்துச் சாப்பிட்டார்கள், ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் மூன்று மொழியில் எழுத்துக்கூட்டிப் போட்டி வைத்தார்கள். முகம் சுளித்த அந்த அப்பாவை அடுத்த வருடம் எங்களோடு வரச் சொன்னேன். வந்தார். பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்குப் பத்து வருடமாக அதே ரயிலில் வேலைக்குப் போகிறவர். ராயக்கோட்டை மலை உச்சியில் நின்று தான் தினமும் போகும் தண்டவாளத்தை மேலே இருந்து பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார். அவர் மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு இடமாக அவருக்குக் கை காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமையைக் குறித்து வையுங்கள். முதல் முறை என்று தயக்கமாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பாலக்கோட்டில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். முட்டி வலி இருக்கிறது, உச்சி வரை இப்போது ஏற மாட்டேன். ஆனால் அந்த ஆப்புக் குழிகள் வரை ஏறிவிடுவேன். அங்கே உங்கள் பிள்ளைகளுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
பாலக்கோடு